நம் பிள்ளை தன் காலில் நிற்க: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"எங்க காலத்துக்கு அப்புறம் இவன யாரு பாத்துப்பா?" அறிவுசார் குறைபாடோ, ஆட்டிசமோ, டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. டர்பனில் சாட்ஸ்வொர்த்தானாலும் ஃபீனிக்ஸானாலும், சென்ற ஆண்டுதான் வேலைக்காகச் சென்னையிலிருந்து ஜோபர்க் வந்த குடும்பமானாலும், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அக்கா பாத்துப்பா." அந்த அக்காவிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தத் தம்பியிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தக் கட்டுரை குடும்பத்தாருக்கும், இந்தத் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவியாளர்களுக்கும் சேர்த்து எழுதியது. எதைத் தானே செய்வது, எதற்கு உதவி கேட்பது, அதை யாரிடம் கேட்பது என்ற மூன்றும் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அவர் சுதந்திரமாக வாழ்கிறார் என்றே சொல்லலாம். எல்லா வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்யவேண்டும் என்ற கட்டாயம் நம் யாருக்குமே கிடையாது. அவருக்கு மட்டும் ஏன்?

முதல் வாரம்: கற்றுக்கொடுக்காதீர்கள், கவனியுங்கள்

ஒரு நோட்டுப்புத்தகம் எடுங்கள். காலை எழுவது முதல் படுக்கும்வரை அவர் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் நேராக நான்கில் ஒன்றை எழுதுங்கள்: தானே செய்தார், சொன்னால் செய்தார், கைப்பிடித்துச் செய்தார், வேறொருவர் செய்துவிட்டார். ஏழு நாள் விடாமல் எழுதினால் போதும். கடைசி வகைதான் அதிகம் இருப்பதைப் பார்ப்பீர்கள். அம்மா தட்டில் சோறு பிசைந்து வைப்பார், பாட்டி சட்டைப் பொத்தான் போட்டுவிடுவார், "அவனுக்கு லேட் ஆகும்" என்று அண்ணன் ஷூ கட்டிவிடுவார். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் முப்பது வயதில் பொத்தான் போடத் தெரியாமல் போவதற்குப் பல நேரங்களில் குறைபாட்டைவிட இந்த அவசரமே காரணம்.

இந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்து வரும் மருத்துவப் பரிசோதனையில் இதுதான் உங்கள் சாட்சி.

பதினெட்டுக்கு முன் முடிக்கவேண்டிய காகித வேலை

குறைபாடுள்ள குழந்தையைப் பராமரிக்க அரசு தரும் கேர் டிபென்டென்சி கிராண்ட் 18 வயதோடு நின்றுவிடும். அதுவே தானாக டிசபிலிட்டி கிராண்டாக மாறாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 16 வயதானதும் ஹோம் அஃபேர்ஸில் ஐ.டி. எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் சாசாவிலும் (கிராண்ட் வழங்கும் அரசு அமைப்பு) எதுவும் நடக்காது, வங்கிக் கணக்கும் நடக்காது.

டிசபிலிட்டி கிராண்ட் 18 முதல் 59 வயதுவரை. அறுபதில் அது முதியோர் கிராண்டாகிறது. 2025 ஏப்ரலில் தொகை மாதம் 2,310 ராண்ட். குடிமக்களும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களும் அங்கீகரிக்கப்பட்ட அகதிகளும் கேட்கலாம். வேலை விசாவில் வந்த குடும்பங்களுக்குக் கிடையாது. வருமானச் சோதனையில் விண்ணப்பிப்பவரின் வருமானமும், மணமாகியிருந்தால் துணையின் வருமானமும்தான் கணக்கு. "அப்பா நல்லா சம்பாதிக்கிறாரு, நமக்குக் கிடைக்காது" என்று பல வீடுகளில் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். பெற்றோர் சம்பளம் இந்தக் கணக்கில் வராது.

மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. இயலாமை ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுவரை நீடிக்கும் என்று டாக்டர் எழுதினால் தற்காலிக கிராண்ட். அதற்கு மேல் என்றால் நிரந்தரம். பிறவியிலேயே உள்ள நிலைக்குத் தற்காலிகம் என்று எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே மரியாதையாகக் கேளுங்கள். விண்ணப்பம் கொடுத்ததும் தேதியிட்ட ரசீதை வாங்காமல் நகராதீர்கள். கிராண்ட் அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கிடப்படும். மறுத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். சாசாவின் இலவச எண் 0800 60 10 11.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. பத்து நிமிடப் பரிசோதனையில் டாக்டர் "தம்பி என்னென்ன செய்வாரு?" என்று கேட்பார். பெருமையில் அம்மா, "எல்லாம் செய்வான் டாக்டர், டீ கூட போடுவான்" என்று சொல்லிவிடுவார். டாக்டரும் அப்படியே எழுதுவார். டீ போடுகிறார் என்பது உண்மைதான். அடுப்பை அணைக்க ஒவ்வொரு முறையும் ஒருவர் நினைவூட்டுகிறார் என்பதும் உண்மை. இரண்டையும் சொல்ல அந்த ஏழு நாள் நோட்டைக் கொண்டுபோங்கள்.

ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்கும் முறை

பெரிய வேலையை ஒரு கை அசைவு அளவுக்குச் சிறு படிகளாகப் பிரிப்பதுதான் அடிப்படை. பிரிக்கும்போது நினைவிலிருந்து எழுதாதீர்கள். நீங்களே ஒருமுறை செய்துகொண்டே எழுதுங்கள். விட்டுப்போகும் படிகள் அப்போதுதான் தெரியும்.

ப்ரீபெய்ட் மின்சாரம் ஏற்றுவதை எடுத்துக்கொள்வோம். தனியாக இருக்கும் ஒருவருக்கு இது கட்டாயம் தெரியவேண்டும். ரசீதில் 20 இலக்க எண் இருக்கும், நான்கு நான்காக ஐந்து கூட்டம். இருபதையும் ஒரே மூச்சில் பார்த்தால் யாருக்கும் கண் தடுமாறும். ஒரு பழைய அட்டையில் நான்கு இலக்கம் மட்டும் தெரியும் அளவுக்குச் சின்ன ஜன்னல் வெட்டுங்கள். ரசீதைப் பலகையில் ஒட்டி, அட்டையை முதல் கூட்டத்தின்மேல் வைத்து, நான்கை அழுத்தி, பென்சிலால் ஒரு டிக் போட்டு, அட்டையை நகர்த்தவேண்டும். ஐந்தாவது டிக்குக்குப் பிறகு என்டர். யூனிட் கூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரசீதை டப்பாவில் போடவேண்டும்.

கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுங்கள். முதல் நான்கு கூட்டத்தை நீங்கள் அழுத்துங்கள். கடைசி நான்கு இலக்கமும் என்டரும் அவர் வேலை. யூனிட் ஏறுவதை அவர் கைதான் நடத்தியது; அந்த மகிழ்ச்சி ஒவ்வொரு முறையும் அவருக்குக் கிடைக்கும். அது உறுதியானதும் கடைசி இரண்டு கூட்டம், பிறகு மூன்று. முன்னாலிருந்து ஆரம்பித்தால் பாதியில் தடுமாறி, நீங்கள் பிடுங்கி முடிப்பீர்கள். அவர் நினைவில் நிற்பது தோல்விதான். எண் தவறினால் மீட்டர் ஏற்காது, ஆனால் டோக்கன் வீணாவதில்லை. "அழி, முதல் கூட்டத்துக்குப் போ" என்பதையும் ஒரு படியாகவே பழக்குங்கள். தவறே நடக்காத பயிற்சியில் பழகியவர் முதல் தவறிலேயே உறைந்துபோவார்.

உதவியின் அளவிலும் கவனம் வேண்டும். வாயால் சொல்வதுதான் சுலபம், ஆனால் பின்னால் நிறுத்துவதற்கு மிகக் கஷ்டமானதும் அதுதான். "இப்ப என்டர் அமுக்கு" என்று நூறு முறை கேட்டவர் அந்தக் குரல் வரும்வரை விரலை எடுக்கமாட்டார். படம், சைகை, பொருளை இடம் மாற்றி வைப்பது ஆகியவற்றை முதலில் பயன்படுத்துங்கள். ஒரு படி முடிந்ததும் மனதுக்குள் ஐந்து எண்ணி, சிலருக்குப் பத்து எண்ணி, காத்திருங்கள். நாம் இரண்டாவது வினாடியிலேயே வாய் திறந்துவிடுகிறோம். அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

வீட்டில் எல்லாரும் ஒரே முறையில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அம்மா ஒரு விதம், அத்தை ஒரு விதம் என்றால் அவர் இரண்டு வேலைகளைக் கற்கவேண்டியிருக்கும். படிகளைச் சுவரில் ஒட்டுங்கள்.

தெருவில் இறங்குவது

மினிபஸ் டாக்ஸி தெரியாமல் இந்த நாட்டில் வேலைக்குப் போவது கடினம். முதல் பாதையை ரேங்கில் (டாக்ஸி நிலையம்) முடிகிற பாதையாகத் தேர்ந்தெடுங்கள். நடுவழியில் இறங்க வேண்டுமென்றால் "ஆஃப்டர் ரோபோ" (சிக்னலைத் தாண்டி) என்று சரியான நேரத்தில் சத்தமாகச் சொல்லவேண்டும். கூச்சப்படுகிறவருக்கும் பேச்சு வராதவருக்கும் அது முடியாது. ரேங்கில் எல்லாரும் இறங்குவார்கள். டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரவைக்காதீர்கள். பின்னாலிருந்து வரும் காசை வாங்கி எண்ணிச் சில்லறை கொடுக்கும் வேலை பெரும்பாலும் அங்கே உட்காருகிறவர் தலையில் விழும். சரியான கட்டணத்தைச் சின்னச் சின்னப் பைகளில் போட்டு, ஒரு பயணத்துக்கு ஒரு பை என்று கொடுத்தனுப்புங்கள்.

பயிற்சியின் வரிசை: முதலில் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். பிறகு அவர் முன்னால் நடக்க நீங்கள் பின்னால். பிறகு ஒரே டாக்ஸியில் வேறு வரிசையில். பிறகு நீங்கள் ரேங்கில் காத்திருக்க, அவர் தனியாக வரவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் தொடர்ந்து ஐந்து பயணம் உதவியின்றி நடந்தால்தான் அடுத்தது. இதில் பலர் விட்டுவிடும் ஒரு பாடம் உண்டு: வழி தவறுவது. தெரிந்த ஒருவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, வேண்டுமென்றே தவறான இடத்தில் இறங்கவைத்து, ஒரு கடைக்குள் போய் அட்டையைக் காட்டி போன் செய்யச் சொல்லிப் பழக்குங்கள். அட்டையில் பெயர், இரண்டு போன் எண்கள், "எனக்குப் பேசக் கொஞ்சம் நேரம் ஆகும்" என்று ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் ஒரு வரி. வீட்டு முகவரி அதில் வேண்டாம். அட்டை யார் கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. கைப்பேசியிலிருந்து அவசர எண் 112.

பணம்

கிராண்ட் கார்டும் பின் நம்பரும் ஒரே பர்ஸில் இருக்கக்கூடாது. மஷோனிசாக்கள் (வட்டிக்கு விடுகிறவர்கள்) கடனுக்கு ஈடாகக் கார்டைப் பிடித்துவைத்துக்கொள்வார்கள். அது சட்டவிரோதம், போலீஸில் சொல்லலாம். குடும்பத்துக்குள்ளும் இது நடக்கிறது. அவர் பணத்தில் வீட்டுச் செலவுக்கு நியாயமான பங்கு எடுப்பதில் தவறில்லை, ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு என்று அவருக்கு முன்னால் பேசி எழுதிவையுங்கள். மிச்சத்தை நான்கு கவரில் போடுங்கள், வாரத்துக்கு ஒன்று. முதல் வாரக் கவரை இரண்டே நாளில் தீர்த்துவிட்டால் அடுத்ததை எடுத்துக் கொடுக்காதீர்கள். சாப்பாடும் டாக்ஸிக் காசும் தனியாக இருக்கும்வரை, கூல்டிரிங்க் இல்லாத நான்கு நாள் ஒருவருக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. அதிலிருந்துதான் கணக்கு பிடிபடும்.

வேலை தேடுவதும் அதில் நிலைப்பதும்

1998-ஆம் ஆண்டின் எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி சட்டம் மாற்றுத்திறனாளிகளையும் உள்ளடக்கியது. 2025 முதல் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு, ஊழியர்களில் மாற்றுத்திறனாளிகள் இருக்கவேண்டிய இலக்கு 3 சதவீதம். அதனால் பெரிய கம்பெனிகள் ஆள் தேடுகின்றன. ஆனால் அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் சக்கர நாற்காலியில் இருக்கும், ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர். நம் ஆளுக்கு ஏற்ற வேலையை நாம்தான் போய்க் காட்டவேண்டும்.

வழிகள் பல. லேர்னர்ஷிப், அதாவது வேலை செய்துகொண்டே பயிற்சி பெறுவது, பொதுவாக ஓராண்டு. மாற்றுத்திறனாளியைச் சேர்க்கும் நிறுவனத்துக்குக் கூடுதல் வரிச்சலுகையும் உண்டு. அந்தச் சலுகைக்காகவே ஒருவரையே திரும்பத் திரும்ப லேர்னர்ஷிப்பில் சுற்றவிடுகிற இடங்களும் இருக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் "போன வருஷம் முடிச்சவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று கேளுங்கள். தொழிலாளர் துறை நடத்தும் சப்போர்ட்டட் எம்ப்ளாய்மென்ட் என்டர்பிரைசஸ், இரண்டாம் உலகப் போரில் காயமடைந்தவர்களுக்காக 1943-இல் ஆரம்பித்த தொழிற்சாலைகள். மரச்சாமானும் துணியும் அங்கே தயாராகின்றன. மனநலச் சங்கங்கள் நடத்தும் பாதுகாக்கப்பட்ட பட்டறைகளில் சிறு ஊக்கத்தொகை மட்டும் கிடைக்கும். வீட்டில் சும்மா இருப்பதைவிட அது எவ்வளவோ மேல், ஆனால் சம்பள வேலை செய்யக்கூடியவரை அங்கேயே இருபது வருடம் விட்டுவிடாதீர்கள். கோயிலில் அன்னதானத்துக்கு இலை போடுவதும் நல்ல பழக்கம்தான். அது சேவை, வேலை என்ற கணக்கில் அதைச் சேர்க்கக்கூடாது.

நான் அதிகம் நம்புவது நான்காவது வழியை: அக்கம்பக்கத்துச் சிறு கடையில் ஏற்கெனவே இருக்கும் வேலைகளிலிருந்து ஒரு துண்டைப் பிரித்தெடுப்பது. ஒரு மசாலாக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் நடுநடுவே 250 கிராம் பாக்கெட் போடுகிறார்; வாடிக்கையாளர் வந்ததும் அது பாதியில் நிற்கிறது. அந்தத் துண்டு நம் ஆளுக்கு. தராசில் காலிப் பையை வைத்துப் பூஜ்யம் அழுத்தவேண்டும். பெரிய கரண்டியால் மூன்று, பிறகு சின்ன ஸ்பூன். எண் தெரியாதவராக இருந்தால் தராசுக்குப் பக்கத்தில் 250 முதல் 255 வரை ஆறு எண்களைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தராசு காட்டும் உருவம் அந்த ஆறில் ஒன்றோடு பொருந்தினால் பையை மூடலாம். மிளகாய்த் தூளுக்கு முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். கண்ணைத் தேய்த்தால் அன்றைய நாள் போயிற்று.

இதில் எங்கே கெடும்? பூஜ்யம் அழுத்த மறந்தால் எடை மொத்தமும் தவறும். அதனால் பூஜ்யப் பொத்தானில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அதைவிட அதிகம் கெடுவது, முதலாளி ஒருநாள் சொல்லாமல் 100 கிராம் பையைக் கொண்டுவந்து வைக்கும்போது. மாற்றம் வந்தால் நேரில் வந்து காட்டித் தரும் பொறுப்பை ஒரே ஒரு சக ஊழியரிடம் ஒப்படையுங்கள், பெயர் சொல்லி. "எல்லாரும் பாத்துக்குங்க" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

கூடச் செல்லும் உதவியாளர் முதல் இரண்டு வாரம் பக்கத்தில் நிற்கவேண்டும். பிறகு சில அடி தள்ளி, பிறகு வேறு அறையில், பிறகு தினம் ஒரு போன், பிறகு வாரம் ஒரு வருகை. மாதம் ஒரு வருகையை என்றுமே நிறுத்தாதீர்கள். வேலை போவது பெரும்பாலும் திறமைக் குறைவால் அல்ல; மேலாளர் மாறியதும், பழைய ஏற்பாடுகள் புதியவருக்குத் தெரியாமல் போவதால்.

சம்பள விஷயத்தில் கூச்சம் வேண்டாம். மாற்றுத்திறனாளி என்பதற்காகக் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்கமுடியாது. 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. குறைந்த வருமானம் உள்ள ஊழியர் ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்தாலும் நான்கு மணிக்கான கூலி தரவேண்டும். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் யு.ஐ.எஃப். (வேலையின்மைக் காப்பீடு) பிடித்தம் முதலாளி, ஊழியர் இருவரிடமிருந்தும் தலா 1 சதவீதம். அந்த 2025 கூலியில் தினம் நான்கு மணி நேரம், மாதம் இருபது நாள் என்றால் கையில் சுமார் 2,300 ராண்ட் வரும். தனி ஆளுக்கான கிராண்ட் வருமான வரம்புக்கு இது மிகக் கீழே. வேலைக்குப் போனதும் கிராண்ட் அறுந்துவிடும் என்ற பயத்தில் பலர் வேலையே வேண்டாம் என்கிறார்கள். வருமானம் மாறியதை சாசாவிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்; மறைத்தால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

வீடு

சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகளுக்குப் பின்னால் ஒரு அவுட்பில்டிங் இருக்கிறது, வாடகைக்கு விட்டிருப்பார்கள். பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. முதலில் ஒரு இரவு, பிறகு வார இறுதி, பிறகு ஒரு முழு வாரம். அம்மா ஜன்னல் வழியாகப் பார்க்கக்கூடாது. தேவைப்பட்டால் உள்ளே இருப்பவரே போன் செய்வார். இரண்டு தட்டு ஸ்டவ்வைவிடத் தானாக நிற்கும் ரைஸ் குக்கரும் கெட்டிலும் பாதுகாப்பானவை. வலிப்பு உள்ளவராக இருந்தால் குளியலறைக் கதவில் உள்பூட்டு வேண்டாம், "ஆள் இருக்கிறார்" பலகை தொங்கட்டும். தொட்டியில் குளிக்காமல் ஷவரில் குளிக்கட்டும்.

குழு இல்லம் என்றால் உரிமத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். 2016-இல் கௌடெங் மாகாண அரசு லைஃப் எசிடிமெனி என்ற மனநலப் பராமரிப்பு இல்லங்களிலிருந்து நோயாளிகளை வெளியேற்றி, செல்லுபடியாகும் உரிமம் இல்லாத தொண்டு நிறுவனங்களில் சேர்த்ததில் 144 பேர் இறந்தார்கள். பசியாலும் கவனிப்பின்மையாலும் இறந்தவர்கள் அதில் இருந்தார்கள். அதனால் தயங்காமல் சாப்பாட்டு வேளையில் சொல்லாமல் போங்கள். ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். இரவில் எத்தனை ஊழியர், மருந்தை யார் தருகிறார், ஐ.டி.யும் சாசா கார்டும் யாரிடம் இருக்கின்றன என்று கேளுங்கள். அங்கே வசிக்கும் ஒருவரோடு ஊழியர் இல்லாமல் பேசவிடவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம்.

வீட்டுக்கு வரும் உதவியாளர் பாலியல் குற்றவாளிகள் தேசியப் பதிவேட்டில் இல்லை என்ற சான்றிதழ் தரவேண்டும். உடலைப் பற்றி உங்கள் பிள்ளையிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்: எது தன் உடல், யார் தொடலாம், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, யாரிடம் வந்து சொல்வது. நம் வீடுகளில் இந்தப் பேச்சைத் தவிர்க்கிறோம். கெடுதல் செய்பவர்களுக்கு வசதியாகிறது. ஏதாவது நடந்துவிட்டால் சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான் மருத்துவமனையிலும் ஃபீனிக்ஸின் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் துதுசேலா மையங்கள் உள்ளன. குளிக்கவைக்காமல், உடை மாற்றாமல் உடனே அழைத்துச் செல்லுங்கள். "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்று சொல்லும் உறவினர்களுக்கு ஒரே பதில்: திருமணம் என்றால் என்னவென்று புரிந்து, இருவரும் விரும்பினால் மட்டுமே.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் நாற்பதைத் தாண்டியதும், நன்றாகச் செய்துகொண்டிருந்த வேலையை மறக்க ஆரம்பித்தால் சோம்பல் என்று திட்டாதீர்கள். தைராய்டு, காது, கண் ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். அல்சைமர் அவர்களுக்கு மற்றவர்களைவிட முன்னதாகவே வரும்.

உயிலும் டிரஸ்டும்

இந்நாட்டுச் சட்டத்தில் பவர் ஆஃப் அட்டர்னி, கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்ததும் செல்லாது. ஆரம்பத்திலிருந்தே அந்தத் திறன் இல்லாதவர் அதைக் கொடுக்கவே முடியாது. 18 வயதுக்குப் பிறகு பெற்றோர் என்பதாலேயே கையெழுத்துப் போடும் உரிமை வருவதுமில்லை. ஒருவரின் விவகாரங்களைக் கவனிக்க உயர் நீதிமன்றம் நியமிக்கும் க்யூரேட்டருக்குச் செலவு அதிகம். 2002-ஆம் ஆண்டின் மென்டல் ஹெல்த் கேர் சட்டப்படி உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் நியமிக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் அதைவிட எளிய வழி. சொத்தோ பெரிய தொகையோ கையாளவேண்டியிருந்தால் மட்டும் இதற்குப் போங்கள். அன்றாட முடிவுகளைப் பக்கத்தில் ஒருவர் விளக்கினால் தானே எடுக்கக்கூடியவர்கள் நிறைய.

உயிலில் வீட்டையும் பணத்தையும் அவர் பெயருக்கு நேராக எழுதாதீர்கள். கிராண்டின் சொத்து வரம்பைத் தாண்டிவிடலாம். பணம் மாஸ்டர் அலுவலகம் நிர்வகிக்கும் கார்டியன்ஸ் ஃபண்டுக்கும் போகலாம். "மாமா பாத்துப்பாரு" என்று மாமா பெயரில் எழுதுவது இன்னும் மோசம்: மாமாவின் கடனும் மாமாவின் வாரிசுகளும் அதில் உரிமை கேட்பார்கள். இதற்காகவே, குறைபாடுள்ளவரின் நலனுக்கான ஏ வகைச் சிறப்பு டிரஸ்டை வரிச்சட்டம் அனுமதிக்கிறது. தனிநபர் வரி விகிதத்தில்தான் வரி. டிரஸ்டிகளில் ஒருவராவது குடும்பத்துக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும்.

உயிலோடு ஒரு கோப்பும் வேண்டும். என்ன மருந்து, எத்தனை மணிக்கு; எதற்குப் பயப்படுவார், பயந்தால் எது அமைதிப்படுத்தும்; என்ன சாப்பிடமாட்டார்; எந்தப் படிகளைத் தானே செய்வார்; சாசா, வங்கி, கிளினிக் விவரங்கள்; அவர் பார்க்க விரும்பும் மனிதர்களின் பெயர்கள். அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள், பிடித்ததையும் பிடிக்காததையும் அவரே சொல்லட்டும். ஒரு நகல் அவரிடம், ஒன்று அக்காவிடம், ஒன்று சமூகப் பணியாளரிடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்துப் பக்கத்தை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதி, மேலே தேதி போடுங்கள்.